விடுமுறை நாளில் ஓர் உறுதிமொழி

அத்தியாயம் ஆறு

“செத்தவர் மேல பழி போடறோம்னு நினைக்காதீங்க மேடம். தேதி மேலதான் போடறோம்.”

இனியவன் இதைச் சிரிக்காமல் சொன்னார். தென்கடல் வங்கியின் வட்டார மேலாளர் அவர். நாற்பது கூட நிரம்பாத வயது. புஸ்ஸி வீதி மாடியில் அவருடைய அறை நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, மீன் தொட்டி போலக் குளிர்ந்து கிடந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் கார்குழலி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடம் முன்புவரை இதே வங்கியின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முதலியார்பேட்டையில் இரண்டு நாற்காலியும் ஒரு பெயர்ப்பலகையுமாகத் துப்பறியும் நிலையம் தொடங்கியிருந்தாள். இரண்டாவது நாற்காலிக்குச் சொந்தக்காரி லமீஸ் பக்கத்தில் இருந்தாள். முன்னொரு காலத்தில் போனில் கிரெடிட் கார்டு விற்றவள். எதிராளி போனை வைக்குமுன் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை.

மேசை மேல் ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. வங்கியின் புதுச்சேரி கிளையின் தாள். பிள்ளைச்சாவடி அஞ்சலாட்சி என்ற மீன் வியாபாரிக்கு ஐஸ் கம்பெனி கட்ட நாற்பது லட்சம் கடன் தருகிறோம். வட்டி எட்டேகால் சதவீதம். பத்து வருடத்துக்கு அது மாறாது. மூன்று வருடத்துக்குள் எப்போது வந்து கேட்டாலும் தருவோம் என்று எழுதியிருந்தது. கீழே அப்போதைய மேலாளர் தெய்வநாயகத்தின் கையெழுத்து. தேதி, 2021 ஆகஸ்ட் பதினாறு.

“ஆகஸ்ட் பதினாறு நம்ம ஊர்ல என்ன நாள்?” என்றார் இனியவன்.

“கீழூர்ல கொடி ஏத்தற நாள்” என்றாள் லமீஸ். “பிரெஞ்சுக்காரன் முறைப்படி ஊரை ஒப்படைச்ச நாள். லீவு.”

“அவ்வளவுதான். பேங்க் பூட்டு. சிஸ்டத்துலயும் அன்னிக்குக் கிளை திறக்கல. பூட்டின பேங்க்ல யாரு கடிதம் எழுதுவாங்க? ரிட்டயர் ஆனபிறகு வீட்டுல உக்காந்து எழுதிக் குடுத்திருக்கார். பழைய தேதி போடும்போது காலண்டரைப் பார்க்க மறந்துட்டார்.” நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “நம்ம ஆய்வு அறிக்கைகள்லயும் பாருங்க, இந்த வட்டாரத்துல எந்தக் கிளையிலயும் இப்படி ஒரு உறுதிமொழி நிலுவையில இருக்கறதா இல்ல. நாளைக்குக் காலையில அந்தம்மா மேல போலீஸ்ல புகார் குடுக்கறோம், போலிக் கடிதம் காட்டி ஏமாத்தப் பார்த்ததா. உங்க அறிக்கை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

அந்த ஆய்வு அறிக்கைகளை எழுதியது யார் என்று கார்குழலி கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பதில் பிடிக்காமல் போகக்கூடிய கேள்விகளைத் தள்ளி வைப்பதில் அவளுக்கு வெகுநாள் பயிற்சி.

“அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு எழுதறேன்” என்றாள்.

“பார்க்கணுமா?”

“பார்த்தேன்னு எழுதணுமே.”

இனியவன் அவளைச் சற்று நேரம் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று தோன்றி மறைந்தது. அது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

*

லமீஸின் ஸ்கூட்டர் முத்தியால்பேட்டை நெரிசலைத் தாண்டி வடக்கே போனது.

“அந்த ரூம்ல மீனை வெச்சா ரெண்டு நாள் கெடாதுக்கா. அஞ்சலாட்சி அங்கேயே ஐஸ் கம்பெனி போட்டிருக்கலாம்.” ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “எனக்கு ஒண்ணு புரியல. கடனையே இன்னும் குடுக்கல. குடுக்காத கடனுக்கு பேங்க் ஏன் இப்படிப் பதறுது?”

“நீ ஒரு கல்யாண மண்டபம் வெச்சிருக்கேன்னு வெச்சுக்க. மூணு வருஷத்துல எந்தத் தேதி கேட்டாலும் ஐம்பதாயிரத்துக்குத் தரேன்னு ஒருத்தருக்கு எழுதிக் குடுக்கற. அட்வான்ஸ் வாங்கல. உன் கணக்கு நோட்டுல என்ன எழுதுவ?”

“ஒண்ணும் எழுத மாட்டேன். காசு வரலியே.”

“மண்டப வாடகை ஒரு லட்சம் ஆயிடுது. அப்போ அந்த ஆள் சீட்டை நீட்டறார்.”

“அய்யோ!”

“அதான். அந்தச் சீட்டுதான் இது. கணக்குல எங்கயும் தெரியாது, ஆனா குடுத்தே ஆகணும். அப்போ வட்டி அடிமட்டத்துல இருந்துச்சு. இப்போ டெபாசிட் போடறவனுக்கே ஏழரை குடுக்கறாங்க. எட்டேகாலுக்குப் பத்து வருஷம் கடன் குடுத்தா, கண்ணாடி ரூமுக்குக் கரண்ட் பில் கட்ட முடியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதுக்கு ஏத்தபடி பணத்தைப் புரட்டி வெச்சிருக்கலாம். தெரியல.”

“தெரியல, அதனால அது இல்ல” என்றாள் லமீஸ். “எங்க வாப்பா சுகருக்கு டெஸ்ட் எடுக்காத மாதிரி.”

கார்குழலி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தெய்வநாயகம் நினைவுக்கு வந்துவிட்டார். அவள் வேலையில் சேர்ந்தபோது முதல் மேலாளர் அவர்தான். போன வருடம் ஒரு மாலை கடற்கரைச் சாலையில் எதிரே வந்தார். மெலிந்து, சட்டை தோளில் தொங்க, தூரத்திலேயே அவளைக் கண்டு கையை உயர்த்தினார். “கார்குழலி!” மகனுக்கு வேலை கேட்கப் போகிறார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, ஒலிக்காத போனைக் காதில் வைத்து, யாருக்கோ பதில் சொல்வது போல வாயசைத்தபடி எதிர்ப்பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் கை இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. இரண்டு மாதத்தில் இறந்துபோனார். துக்கத்துக்கும் அவள் போகவில்லை. போயிருந்தால் அந்தக் கையைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும்.

இன்று அதே மனிதர் மோசடிக்காரர் என்று எழுதித் தர வேண்டும். அதற்குக் கூலியும் பேசி வாங்கியிருந்தாள்.

*

பிள்ளைச்சாவடியில் ஐஸ் கம்பெனி என்று காட்டப்பட்ட இடத்தில் மூன்று சுவர்கள் நின்றன. கூரை இல்லை. நான்காவது சுவர் இடுப்பளவில் நின்றுபோயிருந்தது. அதன்மேல் காலைத் தொங்கப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தோள்கள் இரண்டும் கூடை சுமந்து இறுகிப்போனவை.

“இன்னா, நீயும் பேங்க்கா?” என்றாள் அஞ்சலாட்சி.

“பேங்க் அனுப்பின ஆளும்மா.”

“அப்ப பேங்க்குதான். கேளு.”

“அந்தக் கடிதம் எங்க வெச்சுக் குடுத்தாங்க?”

“எத்தினி பேருக்குச் சொல்றது? பேங்க்குல வெச்சுத்தான். பெஞ்சுல பதினோரு பேரு குந்தியிருந்தோம். மேனேஜரு ஐயா ஒவ்வொருத்தரா கூப்ட்டு கையெழுத்து வாங்கினாரு.”

“அன்னிக்கு பேங்க் லீவு.”

“லீவுன்னா ஃபேனு எப்டி ஓடுச்சி? பேயி வந்து போட்டுச்சா?” கூடையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். “அதிகாரி வந்தான், லீவுன்னான். வக்கீலு வந்தான், லீவுன்னான். பதினாலு மாசமா இந்தச் சொவரு இதே ஒசரத்துல நிக்கிது. வெளில ஐஸு வாங்கியே என் லாபம் கரைஞ்சிபோவுது. இதுல நாளிக்கு ஸ்டேசனுக்கு வேற வரணுமாம். ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன், சம்பந்தி வூட்டுல இன்னா சொல்லுவாங்க, ஃபோர்ஜரிக்காரின்னா?”

கார்குழலிக்கு நோட்டுப் புத்தகம் கனத்தது. “அன்னிக்கு நடந்ததுல வேற ஏதாவது ஞாபகம் இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல.”

“எல்லாந்தான் ஞாபகம் இருக்குது. கடிதாசு வாங்கின சந்தோசத்துல வெளில வந்தேன். மாஸ்க்கக் கழட்டிட்டு ஒரு வெத்தல போட்டேன். வந்துட்டான் போலீசு. இருநூறு ரூவா புடுங்கிட்டான், பாவி.”

லமீஸ் தலையை நிமிர்த்தினாள். “எவ்ளோக்கா?”

“இருநூறு.”

“நூறு இல்லயா?”

“ஏன், எனுக்கு எண்ணத் தெரியாதா? மீனு வித்துத்தான் சாப்புடறேன்.”

லமீஸ் கார்குழலியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, கொரோனாவுல நான் ரெண்டு பக்கமும் மாட்டினவ. பாண்டியில மாஸ்க் இல்லன்னா நூறு ரூபா. எங்க ஊரு தமிழ்நாட்டுப் பக்கம், அங்க இருநூறு. ரோட்டுல எல்லைக் கோட்டைத் தாண்டினா ரேட்டு டபுள்.”

கார்குழலி மெதுவாகத் திரும்பினாள். “நீங்க போனது எந்த பேங்க்கும்மா?”

“கோட்டக்குப்பத்து பேங்க்குதான்.”

“அதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டாங்க? பேங்க்குக்குப் போனியான்னு கேட்டாங்க, போனேன்னேன்.” அஞ்சலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஐயாதான் போன் பண்ணாரு. இந்த வட்டி இன்னியோட சரி, பாண்டியில பூட்டு, கோட்டக்குப்பம் வந்துடு, இப்ப அந்த பேங்க்கையும் நான்தான் பாத்துக்கறேன்னாரு. பஸ்ஸப் புடிச்சிப் போனேன். இதுல இன்னா தப்பு?”

ஒரு தப்பும் இல்லை. பாண்டியிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வரும் வழியிலேயே கோட்டக்குப்பம் இருக்கிறது. அது தமிழ்நாடு. அங்கே ஆகஸ்ட் பதினாறு வெறும் திங்கட்கிழமை. எங்கோ தூரத்தில் இருக்கும் தலைமை அலுவலகம், இந்த ஊர்க் கணக்குத் தெரியாமல், சலுகை வட்டியின் கடைசி நாளாகப் பாண்டியின் விடுமுறை நாளை வைத்திருக்கிறது. தெய்வநாயகம் தன் கிளையின் தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நாலு கிலோமீட்டர் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறார். பதினோரு பேர் ஏமாறக்கூடாது என்பதற்காக.

“லீவு நாள் பேய் கிடைச்சிடுச்சு” என்றாள் லமீஸ்.

கார்குழலிக்கு உடம்பெல்லாம் ஒரு குதூகலம். இறுகிக் கிடந்த முடிச்சு விரலுக்கு இளகும்போது வரும் சந்தோஷம் அது. இறந்தவருக்கு ஏதோ ஒன்றைத் திருப்பித் தரப் போகிறோம் என்று நினைத்தாள். கடற்கரைச் சாலையில் உயர்ந்து நின்ற அந்தக் கையை இறக்கி வைக்கப் போகிறோம் என்று கூட நினைத்தாள்.

*

கோட்டக்குப்பம் கிளை துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதுதான், இந்தப் படிகளில் முன்பு ஏறியிருக்கிறோம் என்று கார்குழலிக்குப் பட்டது. வேலையில் இருந்தபோது ஒரு மார்ச்சில் மட்டும் பதினேழு கிளைகளை ஆய்வு செய்தவள் அவள். எல்லா மாடியும் ஒன்று போலத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கைப்பிடிச் சுவரில் நடுவில் ஒரு வளைவு இருந்தது. அவள் கை அதை எதிர்பார்த்தே வளைந்தது.

ஆவணப் பொறுப்பில் இருந்த பதுருன்னிசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தாள். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கும் வயது.

“வாங்க மேடம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கு நேரம் இருக்கா?”

விசாரிப்பு போலத்தான் இருந்தது. ஆனாலும் கார்குழலியின் காது சுட்டது.

“உறுதிமொழிப் பதிவேடு வேணும்” என்றாள்.

பதிவேடு இருந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பதுருன்னிசாவிடம், இன்னொன்று துணை மேலாளரிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். துணை மேலாளர் வந்து தன் சாவியைத் திருப்பிவிட்டு, கவுன்ட்டரில் கூட்டம் என்று ஓடினார். பதுருன்னிசா ஒரு நீளப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்து வைத்தாள்.

பதினோரு வரிகள். எல்லாம் ஒரே தேதி. தெய்வநாயகத்தின் சாய்ந்த கையெழுத்து. இரண்டாவது வரியில் அஞ்சலாட்சி, பெருவிரல் தடிமனில் அவள் போட்ட கையொப்பம். ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘புதுச்சேரி கிளைக்கு இன்று விடுமுறை. சலுகை வட்டி இன்றுடன் முடிவதால் இங்கு வைத்து வழங்கப்பட்டது.’

லமீஸ் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே, “எழுதி, கோடு போட்டு, காரணமும் சொல்லியிருக்கார். இதைவிடச் சுத்தமா மோசடி பண்ண முடியாதுக்கா” என்றாள்.

“இது ஏன் தலைமை அலுவலகத்துக்குப் போகல?” என்று கேட்டாள் கார்குழலி.

“போச்சு மேடம். பாண்டி கிளை அன்னிக்கு சிஸ்டத்துல மூடியிருந்துச்சு, ஏத்த முடியல. மறுநாள் பழைய தேதின்னு வாங்கல. ஐயா விடாம எழுதினாரு. கடைசில, ஆய்வுக்கு வர்றவங்க இந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி எழுதட்டும், ஏத்திக்கறோம்னாங்க.” பதுருன்னிசா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “ஆய்வுக்கும் வந்தாங்க.”

அவள் இன்னொரு கோப்பை எடுத்துவந்தாள். பக்கத்தைப் புரட்டவே இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு காகிதத் துண்டு வைக்கப்பட்டிருந்தது.

பழைய ஆய்வு அறிக்கையின் இருபத்து மூன்றாவது இனம். ‘கணக்கில் ஏறாத உறுதிமொழிகள்: பதிவேடு சரிபார்க்கப்பட்டது. நிலுவை எதுவும் இல்லை.’ தேதி, 2022 மார்ச் இருபத்தைந்து. கீழே இருந்த கையெழுத்தைக் கார்குழலி நன்றாக அறிவாள். வீட்டுப் பத்திரத்திலும், பாஸ்போர்ட்டிலும், இன்று மாலை எழுதித் தர வேண்டிய அறிக்கையிலும் அதே கையெழுத்துதான்.

லமீஸ் எட்டிப் பார்த்தாள். படம் பிடிக்கத் தூக்கிய போனை இறக்கிக்கொண்டாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. மதியம் ஒன்றே கால். இரண்டாவது சாவி வைத்திருந்தவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். “அரை மணி நேரம் உக்காருங்க மேடம், வந்துடுவார்” என்று இதே பதுருன்னிசா மோர் கொண்டுவந்து வைத்தாள். கூட வேலை பார்த்த ஒருவரின் கார், ஆய்வுப் பிரிவு இருந்த சென்னைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஏசி கார். அதை விட்டால் வெயிலில் பஸ். பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் லஞ்சம் தரவில்லை, மிரட்டவில்லை. சின்னக் கிளைதானே, என்ன இருக்கப் போகிறது என்று நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மோரைப் பாதி குடித்துவிட்டு இறங்கினாள். காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடித் தூங்கியது கூட ஞாபகம் வந்தது. நன்றாகத் தூங்கினாள்.

“ஏன் அப்பவே சொல்லல நீங்க?” குரல் அவளுடையதாக இல்லை.

“புது மேனேஜர்ட்ட சொன்னேன். ஆய்வாளரே பார்த்துட்டு இல்லைன்னு எழுதியிருக்காங்க, நீ யாரும்மான்னாரு. அதுக்கப்புறம் பயம் மேடம். பென்ஷன் வரணும்ல எனக்கும்.” பதுருன்னிசா கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “தெய்வநாயகம் ஐயா மட்டும் சொல்லிட்டே இருப்பாரு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், திருத்திடும். நேர்மையான பொண்ணு, நேர்ல பார்த்தா சொல்றேன்னு. பார்த்தாரான்னு தெரியல.”

கார்குழலி நோட்டுப் புத்தகத்தை மூடினாள். ஜன்னலுக்குப் போய் நின்றாள்.

பார்த்தார். கடற்கரைச் சாலையில் பார்த்தார்.

*

இனியவன் முதல் மணியிலேயே போனை எடுத்தார்.

“பாண்டியில எத்தனையோ துப்பறியும் ஆபீஸ் இருக்கே. இந்த வேலையை ஏன் எனக்குக் குடுத்தீங்க?” என்றாள் கார்குழலி.

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, “கோட்டக்குப்பத்துல இருக்கீங்களா?” என்றார் அவர்.

“ஆமா.”

“எதிர்பார்க்கல. அந்தம்மாவைப் பார்க்கவே போக மாட்டீங்கன்னு நினைச்சேன். போன தடவை மாதிரி.” குரலில் கோபம் இல்லை. “மேடம், அந்தக் கடிதம் உண்மைன்னு சொல்லணும்னா உங்க அறிக்கை பொய்யாகணும். அதை உடைக்க மனசு வராத ஒரே ஆள் ஊர்ல நீங்கதானே? அதான் கூப்பிட்டேன்.”

“அப்போ பதினோரு கடிதமும் நிஜம்னு உங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியும்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. உங்களுக்குத் தெரியும்னுதான் இருக்கு. பார்க்காத புத்தகத்தைப் பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. ஓய்வுக்கு அப்புறமும் நடவடிக்கை எடுக்க விதி இருக்கு. தப்பு நடந்து நாலு வருஷம் வரைக்கும் எடுக்கலாம், அது இன்னும் முடியல. பென்ஷன்ல கை வைப்பாங்க. உங்க நிலையத்துக்கு அப்புறம் எந்த பேங்க் வேலை குடுக்கும்?” அவர் மணி பார்த்திருக்க வேண்டும். “ரெண்டே முக்கால். அஞ்சு மணிக்கு நல்ல அறிக்கையா அனுப்புங்க.”

போன் அணைந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த லமீஸ் தன் போனை நீட்டினாள்.

“அக்கா. இதுல ஆறு படம் இருக்கு. ஒரு பட்டனை அழுத்தினா ஒண்ணும் இருக்காது. நான் எதையும் பார்க்கல. நீ சொல்லு.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் கார்குழலியை உலுக்கியது. தனக்காக இவளும் பார்க்காததாகச் சொல்லத் தயாராக நிற்கிறாள். இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்தப் பொய் போகிறது. அவளிடமிருந்து புது மேலாளருக்கு, அவரிடமிருந்து பதுருன்னிசாவுக்கு, இப்போது லமீஸுக்கு. அன்றைக்கு அந்த அரை மணி நேரத்தை உட்கார்ந்து கழித்திருந்தால் இவர்களில் யாரும் தலை குனிந்திருக்க வேண்டாம்.

“அழிக்காத” என்றாள். “ஒரு வெள்ளைத்தாள் வாங்கிட்டு வா.”

வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். தைரியம் என்று எதுவும் அவளுக்குள் எழவில்லை. இரண்டு முறை பேனாவை மூடித் திறந்தாள். வீட்டுக் கடனுக்குப் போகும் மாதத் தவணை பென்ஷனிலிருந்துதான். அதையும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே எழுதினாள்.

‘பிள்ளைச்சாவடி அஞ்சலாட்சி வைத்திருக்கும் கடிதம் உண்மையானது. அதே நாளில் வழங்கிய மற்ற பத்துக் கடிதங்களும் உண்மையானவை. 25.3.2022 அன்று இந்தப் பதிவேட்டைப் பார்த்ததாக நான் எழுதியது பொய். நான் அதைப் பார்க்கவில்லை.’

பதுருன்னிசா தானாகவே வந்து, பதிவேட்டுப் பக்கத்தின் நகலில் கிளை முத்திரையைக் குத்தினாள். முத்திரை ஓரம் சற்று இழுபட்டது. “இன்னிக்குக் காத்திருந்தீங்க மேடம்” என்றாள். பாராட்டா, குத்தலா என்று தெரியாத குரல்.

மூன்று மணி நாற்பதுக்கு அறிக்கை இனியவனுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் போனது.

“நம்ம பெயர்ப்பலகையை வித்தா எவ்ளோ வரும்?” என்றாள் லமீஸ், படி இறங்கும்போது.

“தகரம்தான். நூத்தம்பது.”

“அதுகூட எங்க ஊர் ஃபைனுக்குப் பத்தாது.”

*

அஞ்சலாட்சி அதே குட்டைச் சுவரில்தான் இருந்தாள். கார்குழலி நின்றபடியே சொன்னாள். கடிதம் உண்மை என்று எழுதியாயிற்று என்பதை முதலில் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றி கிடைத்திருக்கும்; அந்த முகம் மலரத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தாள். நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமையையும் சாவியையும் காரையும் சொன்னாள்.

“அப்ப நீதானா அது?” என்றாள் அஞ்சலாட்சி.

“நான்தான்.”

“எம்மாம் நேரம் குந்தச் சொன்னாங்க உன்ன?”

“அரை மணி நேரம்.”

அஞ்சலாட்சி கத்துவாள் என்று கார்குழலி தயாராக இருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று கூட விரும்பினாள். அவள் கத்தவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூன்று சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நாளிக்கு அவன் புகார் குடுத்தா?”

“நானும் ஸ்டேஷனுக்கு வரேன். இதையே அங்கயும் சொல்றேன்.”

“வரேன்னு வாயால சொன்னா ஆச்சா? ஒரு ஆளு எழுதிக் குடுத்ததையே இல்லன்னுட்டீங்க.” சுவரிலிருந்து இறங்கினாள். “எழுதிக் குடு. நீ இன்னா பண்ணேன்னும் எழுது. கார்ல போனேன்னு சொன்னியே, அதயும் எழுது.”

கார்குழலி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். செங்கல் அடுக்கின் மேல் வைத்து எழுதினாள். வங்கிக்கு எழுதிய அறிக்கையில் கார் இல்லை. இதில் இருந்தது, பாதி குடித்த மோரும் தூக்கமும் கூடச் சேர்ந்துகொண்டன. கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து நீட்டினாள்.

அஞ்சலாட்சி அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு லமீஸிடம் கொடுத்தாள். “எனுக்குப் பேரு மட்டுந்தான் எழுத வரும். நீ படி. சத்தமா.”

லமீஸ் படித்தாள். எந்த இடத்திலும் நையாண்டி இல்லாத அந்தக் குரலைக் கார்குழலி முதல் முறையாகக் கேட்டாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மீன் கூடையோடு போன ஒருத்தி நின்றாள்.

படித்து முடித்ததும் அஞ்சலாட்சி கையை நீட்டவில்லை.

“இன்னொரு தபா படி” என்றாள். “அவங்களுக்கும் கேக்கட்டும்.”

லமீஸ் கார்குழலியைப் பார்த்தாள். கார்குழலி தலையசைத்தாள்.

லமீஸ் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.